தொடாமல் அறிதல் – பகுதி 7: படிகளில் இறங்கிய எலக்ட்ரான்

இதுவரை…

கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று உண்டென்று 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். முப்பட்டகம் பிரித்த நிறங்களில் சிவப்புக்கும் அப்பால், வெறுமையாகத் தெரிந்த இடத்தில் அவர் வைத்த வெப்பமானியில் பாதரசம் ஏறியது. ஒரு நூற்றாண்டு கழித்து, அமெரிக்கரான வில்லியம் கோப்லென்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை அந்த அகச்சிவப்பு ஒளியில் ஒவ்வொன்றாக அளந்தார். ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய சில அலைநீளங்களை மட்டும் விழுங்குகிறது என்பதை 1905-இல் வரைபடங்களாக வெளியிட்டார். 1964-இல், மராட்டிய மண்ணின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவிலிருந்து வலிமையான அகச்சிவப்பு லேசரை உருவாக்கினார்.

சென்ற வாரம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் நிறுத்தினோம். 1988 டிசம்பர் 21. லண்டனிலிருந்து நியூயார்க் நோக்கிப் பறந்த பான் ஆம் 103 வானிலேயே வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 259 பேரும், கீழே வீடுகளில் இருந்த 11 பேரும் மாண்டார்கள். பிறகு தடயவியலாளர்கள் சரக்குக் கூண்டின் உலோகத் துண்டுகளைச் சோதித்தபோது, பி.இ.டி.என்., ஆர்.டி.எக்ஸ். என்னும் இரு வெடிமருந்துகளின் எச்சம் அவற்றில் ஒட்டியிருந்தது.

அங்கே ஒரு கேள்வியை விட்டுவந்தோம். பொருளின் அடையாளம் 1905 முதல் தெரியும். வலிமையான அகச்சிவப்பு லேசர் 1964 முதல் உண்டு. பிறகும் ஏன், ஒரு பெட்டியின் மேற்பரப்பில் ஒளியை வீசி, அதைத் தொடாமலே "இதில் வெடிமருந்து ஒட்டியிருக்கிறது" என்று சொல்ல ஒரு கருவி இல்லை?

*

எட்டாத அலைநீளம்

முதலில், எதைத் தேடுகிறோம் என்பதைப் பார்ப்போம்.

வெடிமருந்தை மோப்பத்தால் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். டி.என்.டி.க்கு ஓரளவு அது சாத்தியம். ஆர்.டி.எக்ஸ். அப்படியல்ல. சாதாரண அறை வெப்பத்தில் அது ஆவியாவதே அரிது. லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே அதன் மூலக்கூறுகள் ஒரு சிலவே மிதக்கும். அந்தக் காற்றை எட்டி நின்று அளந்து பயனில்லை.

ஆனால் காற்றில் ஏறாத அந்தப் பொருள் விரலில் நன்றாக ஒட்டும். வெடிமருந்தைக் கையாண்டவர் அடுத்துத் தொடும் கதவு, பெட்டியின் பூட்டு, காரின் கைப்பிடி எல்லாவற்றிலும் பொடித்துகள்கள் படியும். அவற்றில் பல 10, 20 மைக்ரான் அளவுதான். 10 மைக்ரான் துகள் ஒன்றின் எடை சுமார் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. கைக்கும் தெரியாது. ஆனாலும் அது திண்மப் பொருள். ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும். காற்றில் கிடைக்காத சாட்சி பரப்பில் கிடைக்கிறது.

விமான நிலையங்கள் இந்தச் சாட்சியைத் துடைத்தே எடுத்தன. பெட்டியின் மேல் ஒரு துணித்துண்டைத் தேய்த்து, அதைக் கருவிக்குள் வைத்துச் சூடாக்கி, எழும் ஆவியை அயனிகளாக்கி அளப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் ஒருவர் அருகே சென்று தொட வேண்டும். தெருவோரம் அனாதையாக நிற்கும் காரை யார் போய்த் துடைப்பது?

ஆகவே ஒளியே போக வேண்டும். எந்த ஒளி?

இந்த வெடிமருந்துகளின் உயிர்நாடி நைட்ரோ தொகுதி. ஒரு நைட்ரஜன் அணுவோடு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்திருக்கும். அந்தப் பிணைப்புகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் வலிமையான அதிர்வுகள் ஒளியை விழுங்குவது 6 மைக்ரானுக்கும் 8 மைக்ரானுக்கும் இடையே.

பட்டேலின் லேசர் ஒளிர்வதோ 9.2 முதல் 10.8 மைக்ரான் வரை. அதுவும் தொடர்ச்சியாக அல்ல. வாயு மூலக்கூறு அனுமதிக்கும் சில தனித்தனி அலைநீளங்களில் மட்டுமே ஒளிரும். நரம்பு நஞ்சுகளில் உள்ள பாஸ்பரஸ் பிணைப்புகள் 10 மைக்ரானை ஒட்டி ஒளியை விழுங்குவதால், அந்த நஞ்சுகளின் ஆவியைத் தேட இந்த லேசர் உதவியது. வெடிமருந்துகளுக்கும் 10 மைக்ரான் அருகே சில அதிர்வுகள் உண்டு. ஆனால் அவற்றின் உரத்த குரல் கேட்கும் இடத்துக்கு இந்த லேசர் போய்ச் சேரவில்லை.

ஒன்றிரண்டு மைக்ரான்தான் இடைவெளி. அதைக் கடக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஈய உப்புப் படிகங்களால் ஆன சிறு லேசர்கள் அந்த அலைநீளங்களைத் தொட்டன, உண்மைதான். ஆனால் அவற்றைக் கடுங்குளிரில் வைக்க வேண்டும். ஒளியும் மிக மெல்லியது. ஆய்வகத்தில் ஒரு குழாய் வாயுவை அளக்கப் போதும். சில மீட்டர் தள்ளியிருக்கும் பரப்பில் பட்டு, சிதறித் திரும்பிவரும் ஒளியைப் படிக்கப் போதாது.

தடை வேதியியலில் இல்லை. அடையாளங்கள் எல்லாம் புத்தகத்தில் இருந்தன. அவற்றைப் படிக்க ஒரு விளக்குதான் இல்லை. தொடாமல் அறியும் கலையின் வரலாறு பெரும்பாலும் அந்த விளக்குக்காகக் காத்திருந்த வரலாறே.

*

லெனின்கிராடில் ஒரு கட்டுரை

சாதாரணக் குறைகடத்தி லேசரின் நிறத்தை நிர்ணயிப்பது பொருள். எலக்ட்ரான் மேல்பட்டையிலிருந்து கீழ்ப்பட்டைக்கு இறங்கும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவோ, அவ்வளவு ஆற்றல் ஒளியாக வெளிவரும். அந்த இடைவெளியை இயற்கை தீர்மானித்துவிட்டது. வேறு நிறம் வேண்டுமென்றால் வேறு பொருளைத் தேட வேண்டும். 6, 7, 8 மைக்ரானுக்கு ஏற்ற, உறுதியான, எளிதில் வளர்க்கக்கூடிய பொருள் கிடைக்கவில்லை.

1971-இல், லெனின்கிராடில் உள்ள யோஃபே இயற்பியல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ருடால்ஃப் கஸாரினோவ், ராபர்ட் சூரிஸ் இருவரும் வேறு வழியைக் காட்டினார்கள்.

பட்டையிலிருந்து பட்டைக்கு ஏன் தாவ வேண்டும்? குறைகடத்தியைச் சில நானோமீட்டர் மட்டுமே தடிமனுள்ள அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், அந்த மெல்லிய அடுக்குக்குள் சிறைப்படும் எலக்ட்ரானுக்குப் புதிய ஆற்றல் படிகள் உருவாகும். அது குவாண்டம் இயற்பியலின் விதி. அடுக்கு மெலிந்தால் படிகளின் இடைவெளி கூடும்; தடித்தால் குறையும். ஒரே பட்டைக்குள், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கச் செய்தே ஒளியைப் பெறலாம், பெருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இதன் பொருள் பெரிது. நிறத்தை இனிப் பொருள் நிர்ணயிக்காது. அடுக்கின் தடிமன் நிர்ணயிக்கும். தடிமனோ மனிதன் கையில்.

கணக்கு சரி. செய்து காட்ட ஆள் இல்லை. அணு அணுவாக அடுக்கும் தொழில்நுட்பம் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. அந்தக் கட்டுரை 23 ஆண்டுகள் காத்திருந்தது.

*

முர்ரே ஹில், நியூ ஜெர்சி

அணு அணுவாக அடுக்கும் அந்தத் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஆல்ஃபிரட் சோ. பெய்ஜிங்கில் பிறந்து பெல் ஆய்வகத்துக்கு வந்தவர். காற்றே இல்லாத அறைக்குள் இண்டியம், காலியம், அலுமினியம், ஆர்செனிக் ஆகியவற்றைச் சூடாக்கினால், அவற்றின் அணுக்கள் கதிர்போல நேராகப் பாய்ந்து, எதிரே உள்ள படிகத்தின் மேல் படியும். ஒவ்வோர் அடுப்பின் வாயிலிலும் ஒரு மூடி. திறந்தால் அணுக்கள் பாயும், மூடினால் நிற்கும். திறந்து மூடும் நேரமே அடுக்கின் தடிமன்.

அதே ஆய்வகத்தில் ஃபெடெரிக்கோ கபாஸோ 1976 முதல் பணியாற்றினார். ரோம் நகரத்துக்காரர். குறைகடத்தியின் ஆற்றல் படிகளை மனிதன் தன் தேவைக்கேற்ப வடிவமைக்கலாம் என்பதே அவருடைய பல ஆண்டு ஆராய்ச்சி. 1990-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து ஜெரோம் ஃபைஸ்ட், இத்தாலியிலிருந்து கார்லோ சிர்தோரி என்ற இளம் ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்தார்கள். அடுக்குகளை வளர்ப்பவர் டெபோரா சிவ்கோ. வளர்ந்த படிகத்தைச் செதுக்கிக் கருவியாக்குபவர் ஆல்பர்ட் ஹட்சின்சன்.

ஆறு பேர். எதிரே ஒரே தடை.

அந்தத் தடையை நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் கதை திரும்பியது அங்கேதான்.

மேற்படியில் நிற்கும் எலக்ட்ரான் இறங்க இரண்டு வழிகள் உண்டு. ஒளியை உமிழ்ந்து இறங்கலாம். அல்லது, படிகத்தின் அணுக்களை உலுக்கி, அந்த உலுக்கலாகத் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு இறங்கலாம். இந்த உலுக்கலை இயற்பியலார் ஃபோனான் என்கிறார்கள். இரண்டாவது வழி ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமானது. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் பிக்கோநொடிகள் ஒரு சில போதும், எலக்ட்ரான் ஒளி தராமலே கீழே வந்துவிடும்.

லேசர் பிறக்க, கீழ்ப்படியில் இருப்பதைவிட மேற்படியில் அதிக எலக்ட்ரான்கள் நிற்க வேண்டும். நிற்கவே விடாத இடத்தில் எப்படிக் கூட்டம் சேர்ப்பது? இந்த வகை லேசர் ஒருபோதும் ஒளிராது என்று பலர் எண்ணியதற்குக் காரணம் இதுதான்.

ஃபோனானை ஒழிக்க முடியாது. கபாஸோ குழு அதை ஒழிக்க முயலவில்லை. வேலைக்கு வைத்துக்கொண்டது.

மூன்று படிகளை வடிவமைத்தார்கள். முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போதுதான் ஒளி வர வேண்டும். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே மட்டும், ஒரு ஃபோனான் எடுத்துச்செல்லும் ஆற்றல் எவ்வளவோ துல்லியமாக அவ்வளவே இடைவெளி வைத்தார்கள். விளைவு? இரண்டாம் படியில் கால் வைத்த எலக்ட்ரானை ஃபோனான் ஒரு பிக்கோநொடிக்குள் கீழே இழுத்துவிடும். முதற்படியில் எலக்ட்ரான் அதைவிடப் பல மடங்கு நேரம் தங்கும். மேலே கூட்டம் சேரும். கீழே காலியாகிக்கொண்டே இருக்கும்.

எதிரியாக நின்ற ஃபோனான், வழியைத் துப்புரவாக வைக்கும் காவலாளியானது.

இன்னொரு சிறப்பும் இருந்தது. ஒளி தந்த எலக்ட்ரான் அத்தோடு முடிந்துபோவதில்லை. மலைச்சரிவில் பாறைக்குப் பாறை விழுந்து இறங்கும் அருவிபோல, அது அடுத்த தொகுதியின் முதற்படிக்குப் பாய்ந்து, அங்கேயும் ஒளி தந்து, அதற்கடுத்த தொகுதிக்கு இறங்கும். முதல் கருவியில் இப்படி 25 தொகுதிகள். ஒரே எலக்ட்ரான் 25 முறை ஒளி தர வாய்ப்பு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 500 அடுக்குகள். சில அடுக்குகள் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தடிமன். ஒன்றில் பிழைத்தாலும் படிகள் பொருந்தாது, ஒளி வராது.

மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் மங்கலான, பல அலைநீளங்களில் அகன்று பரவிய ஒளிதான் வரும். ஓர் எல்லையைத் தாண்டினால், அந்தப் பரவல் ஒற்றைக் கூர்முனையாகச் சுருங்கி, மடமடவென உயர வேண்டும். லேசர் பிறந்ததற்கு அதுவே சான்று.

1994 ஏப்ரல் 22-ஆம் தேதியிட்ட 'சயன்ஸ்' இதழில் அந்தக் கூர்முனை அச்சானது. அலைநீளம் சுமார் 4.2 மைக்ரான். கட்டுரையின் கீழ் ஆறு பெயர்கள்: ஃபைஸ்ட், கபாஸோ, சிவ்கோ, சிர்தோரி, ஹட்சின்சன், சோ.

கருவிக்குக் குவாண்டம் அருவி லேசர் என்று பெயர்.

*

குளிரிலிருந்து வெளியே

பிறந்த குழந்தை உடனே ஓடாது. முதல் லேசர் மைனஸ் 180 டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிரில்தான் ஒளிர்ந்தது. தொடர்ந்து அல்ல, துடிப்புத் துடிப்பாக.

ஆனால் வழி திறந்துவிட்டது. அதே பொருள்கள், அதே அறை, அதே அடுப்புகள். மூடி திறந்திருக்கும் நேரத்தை மாற்றினால் 5 மைக்ரான், 8 மைக்ரான், 10 மைக்ரான் என்று லேசர்கள் பிறந்தன. 1996-இல் அறை வெப்பத்தில் துடிப்புகளாக ஒளிர வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஃபைஸ்ட் தாய்நாடு திரும்பி நியூஷாடெல் பல்கலைக்கழகத்தில் தன் குழுவை அமைத்தார். அறை வெப்பத்தில், இடைவிடாமல் ஒளிர வேண்டும். அதுவே இலக்கு.

அந்த ஆண்டுகளில் உலகம் வேறு திசையில் விரைந்துகொண்டிருந்தது.

2001 டிசம்பர் 22. பாரிஸிலிருந்து மயாமி நோக்கிப் பறந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 63. பயணி ஒருவர் தன் காலணிக்குத் தீக்குச்சி வைக்க முயன்றார். பணிப்பெண்களும் பயணிகளும் பாய்ந்து அமுக்கினார்கள். விமானம் பாஸ்டனில் இறங்கியது. ரிச்சர்ட் ரீட் என்ற அந்த மனிதரின் காலணிக்குள் பி.இ.டி.என். இருந்தது. லாக்கர்பியில் உலோகத் துண்டுகளில் ஒட்டியிருந்த அதே பொருள், 13 ஆண்டுகளுக்குப் பிறகும், எந்தக் கருவியின் கண்ணிலும் படாமல் விமானம் ஏறியிருக்கிறது.

சில வாரங்களில், 2002 ஜனவரியில், நியூஷாடெல் குழுவின் கட்டுரை வெளியானது. மத்தியாஸ் பெக், டேனியல் ஹோஃப்ஸ்டெட்டர், ஃபைஸ்ட் முதலானோர் எழுதியது. 9.1 மைக்ரானில், அறை வெப்பத்தில், இடைவிடாது ஒளிரும் குவாண்டம் அருவி லேசர்.

இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஒன்று தேவை, மற்றொன்று விடை. இரண்டும் ஒரே குளிர்காலத்தில் வந்து சேர்ந்தன.

அதன் பிறகு பணமும் ஆட்களும் குவிந்தார்கள். எட்டி நின்று வெடிமருந்தைக் கண்டறியும் வழிகள் எவை என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 2004-இல் ஒரு முழு அறிக்கையே வெளியிட்டது. ஈராக்கின் சாலையோரக் குண்டுகள் அந்தத் தேவையை நாள்தோறும் நினைவூட்டின. சான் டியேகோவில் டேலைட் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் இந்த லேசரை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கியது. உள்ளே ஒரு கீற்றணித் தகட்டைத் திருப்பினால் அலைநீளம் வழுக்கிச் செல்லும். வாயு லேசரைப் போலத் தனித்தனிப் புள்ளிகளில் நிற்காமல், ஒரு மைக்ரான் அகலத்துக்கும் மேல் தொடர்ச்சியாக வருடிக்கொண்டே போகலாம்.

இந்தப் புதிய லேசரைத் தயாரிக்க முன்வந்தவர்களில் ஒரு பெயர் நமக்குப் பழக்கமானது. கலிபோர்னியாவில் பிரானலிட்டிக்கா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, குவாண்டம் அருவி லேசர்களை வலுப்படுத்தும் பணியில் இறங்கியவர் குமார் பட்டேல். வாயு லேசரைத் தந்த மனிதரே, அது எட்டாத இடத்தை எட்டும் லேசரையும் கையில் எடுத்தார். தன் கண்டுபிடிப்பைத் தாண்டிச் செல்லும் ஒன்றைத் தானே வளர்க்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

*

துகள்கள் சூடேறுகின்றன

வாஷிங்டன், 2008. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடம்.

ஆண்ட்ரூ மெக்கில், ராபர்ட் ஃபர்ஸ்டன்பெர்க், கிறிஸ்டோபர் கென்ட்சியோரா முதலானோரின் குழு எடுத்துக்கொண்ட யோசனை எளிமையானது.

ஒரு பரப்பு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். துகள்கள். எதிரே ஒரு குவாண்டம் அருவி லேசர். பக்கத்தில் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமரா.

லேசரின் அலைநீளத்தைத் துகள் விழுங்காத இடத்தில் வைத்தால், ஒளி படுகிறது, சிதறுகிறது, போய்விடுகிறது. கேமராவில் மாற்றமில்லை.

இப்போது அலைநீளத்தை நைட்ரோ தொகுதியின் அதிர்வோடு பொருந்தும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

துகள் ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய ஆற்றல் வெப்பமாகிறது. சுற்றியிருக்கும் பரப்பு குளிர்ந்தே கிடக்க, துகள் மட்டும் சூடேறுகிறது. கேமராத் திரையில், ஒன்றுமில்லாதிருந்த பரப்பில், புள்ளிகள் ஒளிர்ந்து எழுகின்றன. அலைநீளத்தை மறுபடி விலக்கினால் அணைந்துவிடுகின்றன.

வெறும் தூசியாக இருந்தால் இந்தப் பொருத்தத்தில் எழாது. எழுவது எந்த அலைநீளத்தில் என்பதே பொருளின் பெயர். ஒளி ஊடுருவும் பரப்பு, ஒளியை விழுங்கும் பரப்பு, ஒளியைத் திருப்பும் பரப்பு என மூன்று வகைகளிலும் சோதித்தார்கள். 10 மைக்ரான் அளவுள்ள துகள்வரை கண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் 'அப்ளைடு ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் முடிவு வெளியானது.

கோப்லென்ட்ஸின் வரைபடங்களுக்கும் இந்தத் திரைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது. அடையாளமும் விளக்கும் ஒருவழியாகச் சந்தித்துவிட்டன. ஒரு துகளும் துடைக்கப்படவில்லை. யாரும் எதையும் தொடவில்லை.

இந்த ஒளியால் இன்னொரு நன்மையும் உண்டு. 1.4 மைக்ரானுக்கு மேற்பட்ட அகச்சிவப்பு கண்ணின் முன்பக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், விழித்திரைவரை போகாது. அதனால் மக்கள் நடமாடும் இடத்திலும், வரம்புக்குள் வைத்து, பாதுகாப்பாக வீச வழி இருக்கிறது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம்.

*

பரப்பு பேசத் தொடங்கியது

துகளைச் சூடேற்றிப் பார்க்கும் முறைக்கு நேரமும் ஆற்றலும் வேண்டும். தொலைவு கூடக் கூட இரண்டும் போதாமல் போகும். ஆகவே ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், ஃப்ரவுன்ஹோஃபர் பயன்பாட்டுத் திண்மநிலை இயற்பியல் நிறுவனத்தில் ஃப்ராங்க் ஃபுக்ஸ், ரால்ஃப் ஓஸ்டென்டார்ஃப் ஆகியோரின் குழு வேறு வழியில் சென்றது. சூடேற்ற வேண்டாம். சிதறித் திரும்பும் ஒளியையே படம்பிடிக்கலாம்.

லேசர் ஒரு பரப்பை முழுக்க நனைக்கும். அலைநீளம் மாறிக்கொண்டே போகும். ஒவ்வோர் அலைநீளத்துக்கும் அகச்சிவப்புக் கேமரா ஒரு படம் எடுக்கும். எல்லாப் படங்களையும் அடுக்கினால், படத்தின் ஒவ்வொரு பிக்செலுக்கும் ஒரு தனி நிறமாலை கிடைக்கும். அதை நூலகத்தில் உள்ள நிறமாலைகளோடு ஒப்பிட்டால், எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பது வரைபடமாகவே வந்துவிடும்.

கோட்பாடு அப்படி. பரப்பு வேறு பாடம் நடத்தியது.

லேசர் ஒளி கரடான பரப்பில் படும்போது, அலைகள் ஒன்றோடொன்று மோதி, வெளிச்சமும் இருளுமாகப் பொடிப்புள்ளிகளை உண்டாக்கும். துகள் எது, அந்தப் புள்ளி எது?

வண்ணப்பூச்சு, பிளாஸ்டிக், துணி எல்லாமே வேதிப்பொருள்கள்தாம். அவற்றுக்கும் அகச்சிவப்பில் சொந்த அடையாளங்கள் உண்டு. ஒரு நானோகிராம் துகளின் குரல், ஒரு கார்க் கதவின் பூச்சுக்கு முன் எவ்வளவு கேட்கும்?

இடையில் இருக்கும் காற்றும் சும்மா இல்லை. காற்றில் உள்ள நீராவி 6.3 மைக்ரான் சுற்றுவட்டாரத்தில் ஒளியை வேட்டையாடுகிறது. நைட்ரோ தொகுதியின் வலிமையான அதிர்வுகளில் ஒன்று அதே இடத்துக்கு அருகில்தான். ஒரு மீட்டரில் பொருட்படுத்த வேண்டியதில்லை. பல பத்து மீட்டர் போனால், நீராவி விட்டுவைக்கும் இடுக்குகளில்தான் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது இன்னொன்று.

ஆர்.டி.எக்ஸ். மெல்லிய படலமாகப் பளபளக்கும் உலோகத்தின் மேல் படிந்திருந்தால், ஒளி படலத்தைக் கடந்து, உலோகத்தில் பட்டு, மீண்டும் கடந்து திரும்பும். விழுங்கப்பட்ட அலைநீளங்களில் நிறமாலை பள்ளமாக இருக்கும். அதே ஆர்.டி.எக்ஸ். கருத்த, கரடான பரப்பில் துகளாகக் கிடந்தால், ஒளியைத் திருப்புவது துகளே. அப்போது பள்ளம் இருந்த இடத்துக்கு அருகிலேயே மேடு எழலாம். துகளின் பருமன் மாறினால் மேட்டின் வடிவமும் இடமும் மாறும்.

பொருள் ஒன்றே. அடையாளம் தலைகீழ். நூலகத்தில் உள்ள எந்தப் பக்கத்தோடு ஒப்பிடுவது?

இது ஆய்வகத்துச் சிக்கல் மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். பரப்பில் ஒட்டியதைத் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சாட்சி.

1974 நவம்பர் 21. அங்கே இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு அயர்லாந்துக்காரர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் சிலரின் கைகளைத் துடைத்து, கிரீஸ் சோதனை என்ற நிறமாற்றச் சோதனை செய்தார்கள். நிறம் மாறியது. நைட்ரோகிளிசரின் என்றார்கள். காவலில் பெற்ற வாக்குமூலங்களோடு அந்த நிறமும் சேர்ந்து, 1975-இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை வாங்கித் தந்தது.

அந்த நிறம் நைட்ரோகிளிசரினுக்கு மட்டும் வருவதில்லை. நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள சீட்டுகளைக் கலைத்த கையிலும் வரலாம் என்று பிற்பாடு செய்து காட்டினார்கள். அந்த ஆறு பேரில் பெரும்பாலோரோ அன்று ரயிலில் சீட்டாடியவர்கள். 1991 மார்ச் 14-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. அதற்குள் 16 ஆண்டுகள் சிறையில் கரைந்துவிட்டன.

ஒரே ஒரு நிறத்தை நம்பிய சோதனை அது. நூற்றுக்கணக்கான அலைநீளங்களைக் கேட்டுப் பதில் சொல்லும் கருவி அதைவிட நேர்மையானது என்று நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் அந்த நேர்மை தானாக வராது. துகள் சொன்னது எது, பரப்பு சொன்னது எது என்று பிரித்தறியும் வரை, கருவியின் விடையை ஒரு மனிதரின் தலைவிதியாக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

*

முப்பது மீட்டர்

2010-களின் நடுவில் ஐஆர்பா களத்தில் இறங்கியது. அமெரிக்க உளவு அமைப்புகளுக்காக உயர் ஆராய்ச்சிகளுக்கு நிதி தரும் முகமை அது. புதிய திட்டத்துக்கு சில்மரில்ஸ் என்று பெயர் சூட்டியது.

கேட்டது இதுதான்: 30 மீட்டர் தொலைவிலிருந்து, பரப்பில் உள்ள நுண்ணிய வேதி எச்சத்தை, தொடாமல், அந்தக் கணமே கண்டறிய வேண்டும். வீசும் ஒளி யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. யார் கண்ணையும் கெடுக்கக் கூடாது. கருவி தூக்கிச் செல்லும் அளவில் இருக்க வேண்டும். வெடிமருந்து மட்டுமல்ல, நஞ்சும் போதைப்பொருளும் அதற்குத் தெரிய வேண்டும்.

விளக்கு கிடைத்துவிட்டது. கேமராக்கள் கிடைத்துவிட்டன. களம் இப்போது இயற்பியலாரிடமிருந்து கணக்கு வல்லுநர்களிடம் கைமாறத் தொடங்கியது. ஒரு துகள் ஒரு பரப்பில் எப்படித் தோன்றும் என்பதை முன்கூட்டியே கணித்து, ஆயிரக்கணக்கான தோற்றங்களைக் கணினிக்குப் பயிற்றுவிக்கும் முயற்சி தொடங்கியது.

தேட வேண்டிய வேதிப்பொருள்களைப் பட்டியலிடலாம். நூறாக இருக்கட்டும், ஆயிரமாக இருக்கட்டும், அந்தப் பட்டியலுக்கு ஒரு முடிவு உண்டு. அவை ஒட்டியிருக்கக்கூடிய பரப்புகளுக்கு முடிவே இல்லை. துருவேறிய இரும்பு, வெயிலில் வெளிறிய பூச்சு, வியர்வை படிந்த பிளாஸ்டிக், செம்மண் தூசி மூடிய கண்ணாடி…

இதுவரை ஒருமுறைகூடப் பார்த்திராத பரப்பின் மேல், ஒரு நானோகிராம் பொருளைப் பார்த்து, "இது அது, வேறொன்றுமில்லை" என்று 30 மீட்டர் தொலைவிலிருந்து உறுதி சொல்ல ஓர் இயந்திரத்தைப் பழக்க முடியுமா?

(தொடரும்)